என் பெயரில் ஓர் இரும்புக் கம்பெனி

பூஞ்சேரி
9 ஜூன் 2025

வரி ஆலோசகர் ரேணுகா அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். மதுராந்தகம் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபா. உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக நாம் பேசவில்லை. அதைப் பேசவும் இப்போது எழுதவில்லை. பேருந்தில் போகும்போது உங்கள் அலுவலகப் பலகையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

நான் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் சலவைப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் செங்கல்பட்டு வணிக வரி அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. நான் 'ஜெபா ஸ்டீல் டிரேடர்ஸ்' என்ற கம்பெனியின் உரிமையாளராம். பழைய இரும்பு வாங்கி விற்றதாக பில் போட்டிருக்கிறேனாம். நாற்பத்தொரு லட்சம் வரி கட்ட வேண்டும், இல்லையென்றால் முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என் கணவர் ஜோயல் அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை பார்க்கிறார். அவர் படித்துவிட்டு, "எவனோ வெளையாட்றான், கிழிச்சுப் போடு" என்றார். மறுநாள் சம்பளம் எடுக்கப் போனேன். கணக்கை முடக்கியிருக்கிறார்கள். மகள் ரூத்துக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்காகச் சேர்த்தது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் முன்பு வெங்கடேசன் என்று ஒருவன் விடுதிக்கு வந்து, பெண்களுக்குத் தொழில் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னான். ஆதார், பான் அட்டை நகல் வாங்கினான். ஒரு போட்டோ எடுத்தான். "அக்கா, செல்லுல ஒரு நம்பர் வந்துகீதா, அத்த சொல்லு" என்று நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் சொன்னேன். கடன் வரவில்லை. மறந்துவிட்டேன். இப்போது அந்த போனைத் தொடவே பயம். அணைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மத்தியானத்தில் உலர்ந்த விரிப்புகளை மடித்து அடுக்கும் அறையில் பத்து நிமிஷம் கண் அசருவேன். துணியின் சூடும் கடலின் இரைச்சலும் சேர்ந்து மயக்கும். இப்போதெல்லாம் அங்கே அந்தக் கம்பெனி வருகிறது. பெரிய கூடம். ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். லாரிகள் ஒவ்வொன்றாக மணலில் இறங்கி, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போகின்றன. பயமாக இல்லை. விழித்த பிறகுதான் பயம்.

பான் அட்டை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஜெபா


மதுராந்தகம்
12 ஜூன் 2025

ஜெபா,

உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'கா' போடும்போது நீ இன்னும் கடைசியில் ஒரு சுழி சுழிக்கிறாய். உடைக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்தேன். வேறு எதையும் நான் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

பயப்படாதே, ஆனால் சும்மாவும் இருக்காதே. இப்படி நடப்பது நீ ஒருத்திக்கு மட்டும் இல்லை. அடுத்தவர் பான் எண்ணில் கம்பெனி பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸை எக்காரணம் கொண்டும் கிழிக்காதே. அது வந்த உறையையும் வைத்திரு. தேதி முத்திரை அதில்தான் இருக்கும். முப்பது நாள் கணக்கு முக்கியம். பதில் போகாவிட்டால் நீ ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

முதலில் போனை ஆன் செய். பயத்தில் அணைத்து வைத்தால் அரசாங்கத்திலிருந்து வரும் செய்தியும் வராது. யார் கேட்டாலும் செல்லில் வரும் எண்ணை மட்டும் இனி சொல்லாதே. அப்புறம் 1930 என்ற எண்ணில் இணைய மோசடிப் புகாரைப் பதிவு செய். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய் வெங்கடேசனைப் பற்றி எழுத்தில் கொடு. "பாக்கலாம்" என்று வாயால் சொன்னால் திரும்பி வராதே. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கு. அந்த ஒரு தாள்தான் நாளைக்கு உனக்காகப் பேசும். விடுதியில் வருகைப் பதிவேட்டின் நகலும் சம்பளச் சீட்டுகளும் கேள். இரும்பு விற்றதாகச் சொல்லும் நாட்களில் நீ எங்கே இருந்தாய் என்று அதுதான் காட்டும். வங்கியில் மூன்று வருஷத்துக் கணக்கு அறிக்கை வாங்கு. இ-சேவை மையத்தில் ஆதாரின் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி பூட்டச் சொல். கல்லூரிக்கு நோட்டீஸ் நகலோடு போய் ஒரு மாத அவகாசம் கேள். தருவார்கள்.

உன் பான் எண்ணைப் போட்டுத் துறையின் தளத்தில் தேடினேன். உன் பெயரில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. அது நல்ல செய்தி. கம்பெனி முகவரி கருங்குழி என்று காட்டுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்து எனக்கு அனுப்பு. பதிலை நான் எழுதித் தருகிறேன்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ரேணு


பூஞ்சேரி
20 ஜூன் 2025

ரேணுகா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். இத்துடன் நகல்கள் இருக்கின்றன. காவல் நிலையத்தில் மூன்று நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் ஓர் ஏட்டம்மா, "இரும்புக் கம்பெனி ஓனரா நீ" என்று என் கையைப் பார்த்தார். சோடாப் பொடியில் வெந்த விரல்கள். பிறகு நாற்காலி காட்டி உட்காரச் சொல்லி, அவரே ரசீது எழுதிக் கொடுத்தார்.

வருகைப் பதிவேட்டை நகல் எடுக்கும்போது நானும் படித்துப் பார்த்தேன். நான் ஒன்பது டன் இரும்பு விற்றதாகச் சொல்லும் நாளில், மழையில் நனைந்த நூற்றுப் பதினாறு விரிப்புகளைத் திரும்பத் துவைத்திருக்கிறேன். அந்த நாள் ஞாபகம் வந்தது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். கொடியில் ஆடும் வெள்ளைத் துணிக்கு நடுவே நின்றால் எந்தப் பக்கம் கடல் என்றே தெரியாது. அதே நேரத்தில் எங்கோ இன்னொரு ஜெபா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு யாரும் வேலை ஏவுவதில்லை என்று மட்டும்தான் நினைத்தேன்.

எங்கள் பிரிவில் சந்திரம்மாவும் இன்னும் மூன்று பேரும் வெங்கடேசனிடம் நகல் கொடுத்தவர்கள். அவர்களுக்கு இன்னும் தபால் வரவில்லை. சொன்னதும் சந்திரம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

கருங்குழியில் எந்த இடம் என்று பார்த்தீர்களா? அங்கே போய் நின்று பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஜோயல் வேண்டாம் என்கிறார்.

ஜெபா


மதுராந்தகம்
25 ஜூன் 2025

ஜெபா,

பதில் மனு இத்துடன் இருக்கிறது. மூன்று பக்கம். மெதுவாகப் படி, புரியாத ஒரு வரியில்கூடக் கையெழுத்துப் போடாதே. அந்த வியாபாரத்தை நீ நடத்தவில்லை, உன் ஆவணங்கள் ஏமாற்றி வாங்கப்பட்டன, நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும், பதிவை ரத்து செய்ய வேண்டும், சம்பளக் கணக்கை விடுவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தளத்தில் நான் ஏற்றிவிடுகிறேன். ஒரு பிரதியை நீ நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொன்றில் முத்திரை வாங்கிக்கொள். சந்திரம்மா உள்ளிட்ட நால்வரின் பான் எண்ணையும் அனுப்பு, தேடிப் பார்க்கிறேன். இனி யாருக்கு ஆதார் நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்.

முகவரியைப் பற்றி இப்போது கவலைப்படாதே. இப்படிப்பட்ட பதிவுகளில் முகவரியும் பொய்யாகத்தான் இருக்கும். அங்கே போவதால் உனக்கு ஒரு லாபமும் இல்லை. அதைத் துருவ வேண்டாம். மனுவிலும் அதைச் சேர்க்கவில்லை.

ஏரியில் தண்ணீர் வற்றிக் கரையோரம் நடக்க முடிகிறது. சாயங்காலம் போய் நின்றேன்.

ரேணு


பூஞ்சேரி
4 ஜூலை 2025

ரேணுகா,

இரண்டாம் தேதி செங்கல்பட்டுக்குப் போனேன். அதிகாரி பெயர் பிரபாவதி. மனுவை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு கணினியைத் திருப்பி, பதிவு செய்தபோது ஏற்றிய ஆவணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். என் போட்டோ. பின்னால் எங்கள் சலவை அறைச் சுவர். அதற்கடுத்து வாடகை ஒப்பந்தம். கருங்குழி கிடங்கு. "இந்த குடோன்காரர உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

காசிநாதன் மகன் பார்த்தசாரதி.

உன் கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்தில் படித்த பெயர். எனக்கு அந்தப் பத்திரிகை இப்போதும் மனப்பாடம்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பேருந்தில் வரும்போது முழுக்க யோசித்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியது தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அசைந்தது. பூஞ்சேரி நிறுத்தத்தையும் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி எழுதிய கடிதத்திலேயே கருங்குழி என்று எழுதியிருக்கிறாய். கதவு எண்ணையும் அன்றைக்கே பார்த்திருப்பாய். உன் வீட்டுக்காரரின் கிடங்கு உனக்குத் தெரியாதா? அப்புறம்தான் 'துருவ வேண்டாம்' என்று எழுதினாய். புரியாத வரியில் கையெழுத்துப் போடாதே என்று எனக்குச் சொன்ன அதே கடிதத்தில்.

உன் கல்யாணத்தன்று பந்தியில் உனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தேன். சாம்பார் ஊற்றிவிட்டார்கள். உன் மாமா வந்து, "நீ அப்பால ஒக்காரும்மா, இது சொந்தக்காரங்க பந்தி" என்றார். எந்தச் சேரியிலிருந்து வந்தவள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் உன்னைப் பார்த்தேன். நீ இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். நீ இலையைப் பார்த்ததைத்தான் மறக்க முடியவில்லை.

விசாரணை ஜூலை பதினேழாம் தேதி, காலை பதினொரு மணி. நீ வர வேண்டியதில்லை. பார்த்தசாரதி யாரென்று அன்றைக்கு நான் சொல்லிவிடுவேன்.

ஜெபா


மதுராந்தகம்
9 ஜூலை 2025

ஜெபா,

'நீ' என்று எழுதிவிட்டாய். அதற்காக இப்படியொரு கடிதம் வர வேண்டியிருந்தது.

நீ எழுதியது எல்லாம் உண்மை. பதினொன்றாம் தேதி சாயங்காலமே கதவு எண்ணைப் பார்த்துவிட்டேன். விதை வியாபாரத்துக்காக அவர் கட்டிய கிடங்கு, இரண்டு வருஷமாகக் காலி. அவரிடம் கேட்டேன். வெங்கடேசன் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டாராம். மூன்று மாத வாடகை கொடுத்தானாம். ஒரு கிலோ இரும்புகூட வரவில்லை, அவரும் கேட்கவில்லை. "எவனோ கேட்டான், போட்டுக் குடுத்தேன். இதுல என் தப்பு இன்னா கீது?" என்றார். நான் ஊருக்கெல்லாம் சொல்கிற ஆலோசனை என் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அவர் பெயர் விசாரணையில் வந்தால் அவரையும் கூப்பிடுவார்கள், விதைக் கடையைச் சோதிப்பார்கள், என்னிடம் வருகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். வாடகை ஒப்பந்தத்தைத் தொடாமலே உன்னைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். கிடங்குக்காரர், "இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை, கையெழுத்து வாங்கியது வெங்கடேசன்" என்று எழுதிக் கொடுத்தால்தான் உன் வழக்கு நிற்கும். அதுதான் இருப்பதிலேயே வலுவான சாட்சி. அதைத்தான் ஒளித்தேன்.

கல்யாண நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுப்பெண் தலை குனிந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த வசதியில் ஒளிந்துகொண்டேன். நீ எழுந்து போன பிறகு உன் இலையை மடித்தார்கள். அதைப் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமும், மத்தியானம் மேஜையில் தலை சாயும்போது, அந்த மண்டபத்தில் நடந்துகொண்டே இருப்பேன். பந்தி நீண்டுகொண்டே போகும். முகங்கள் இருக்காது. உன்னைத் தேடிக்கொண்டு போகிறேனா, உன்னிடமிருந்து தப்பிப் போகிறேனா என்று விழித்த பிறகும் தெரிவதில்லை.

மன்னிப்புக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. பதினேழாம் தேதி நான் வருகிறேன். அவர் வருவாரா என்று தெரியாது. வராவிட்டால் எனக்குத் தெரிந்ததை நானே எழுத்தில் கொடுக்கிறேன். அதற்கு மேல் உன் ஆலோசகராக நான் இருப்பது சரியில்லை. செங்கல்பட்டில் ஒரு வக்கீலின் விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அவர் எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் அவர்.

ரேணு


பூஞ்சேரி
20 ஜூலை 2025

ரேணு,

அன்றைக்கு விசாரணை முடிந்து நீ என்னிடம் பேசாமல் படியிறங்கிவிட்டாய். நானும் கூப்பிடவில்லை. நீ பார்க்காததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பத்து மணிக்கே போய்விட்டேன். நீ தந்த விலாசத்து வக்கீலைப் பார்த்திருந்தேன். அவர், "மனு நல்லாவே கீது, இதுல நான் சேக்க ஒண்ணும் இல்ல, தைரியமாப் போ" என்று அனுப்பினார். நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் கோப்புகளின் ஓரங்கள் படபடத்தன. ராத்திரி தூங்காததால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அந்த மங்கலுக்குள்ளிருந்து நீ வந்தாய். உனக்குப் பத்தடி பின்னால், செருப்பைத் தேய்த்துக்கொண்டு, பார்த்தசாரதி. ஒரு கணம் அதுவும் கனவு என்றே நினைத்தேன்.

பிரபாவதி மேடம் அவரிடம், என்னைத் தெரியுமா என்று கேட்டபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தம்மாவ நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். பேப்பர்ல இருக்கிறது என் கையெழுத்துதான். படிக்காமப் போட்டேன்" என்றார். நீ கொடுத்த வாக்குமூலத்தை மேடம் சத்தமாகப் படித்தார். 'இது எனக்கு ஜூன் பதினொன்றாம் தேதியே தெரியும், மறைத்தேன்' என்ற வரியை அவர் இரண்டு தடவை படித்தார். அந்த வரியை எழுதச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவில்லை. அது இல்லாமலே அந்தத் தாள் செல்லும்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ குனியவில்லை.

நீங்கள் போன பிறகு பார்த்தசாரதி மட்டும் திரும்பி வந்தார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டு, "பொண்ணு காலேஜு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஜெபா


மதுராந்தகம்
4 செப்டம்பர் 2025

ஜெபா,

ஆணை வந்துவிட்டது. பதிவு, தொடங்கிய நாளிலிருந்தே ரத்து. உன் மேல் போட்ட வரிக் கோரிக்கையைக் கைவிட்டிருக்கிறார்கள். கணக்கை விடுவித்த கடிதத்தை வங்கிக்கு ஜூலை கடைசியிலேயே அனுப்பியிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஆணையின் நகல் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றை வங்கியில் கொடு. இன்னொன்றை வீட்டில் பத்திரமாக வை, எட்டு வருஷம் தூக்கிப் போடாதே. அடுத்த வருஷம் வருமான வரித் தளத்தில் உன் பெயரில் வேறு ஏதாவது வரவு காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். வெங்கடேசனைத் திண்டிவனம் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். காவல் நிலையத்திலிருந்து சாட்சிக்குக் கூப்பிட்டால் போ.

சந்திரம்மா பெயரிலும் ஒரு பதிவு இருக்கிறது. மற்ற மூவருக்கும் இல்லை. இன்னும் நோட்டீஸ் வரவில்லை என்பதால் நாமே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடலாம். அவரிடம் பக்குவமாகச் சொல்.

இங்கே கடையைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. அவர் பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு குத்தகைத் தாளை என் முன்னால் வைத்து, "படிச்சுச் சொல்லு, போடலாமா" என்றார். கல்யாணமாகி முதல் தடவை. மாமா காதுக்கும் விஷயம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். எந்தப் பெண்ணுக்காக என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. எந்த நாள், எந்த மண்டபம், அவர் என்ன சொன்னார் என்று எல்லாம் நின்றபடியே சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டுப் போனார்.

முதல் மழை பெய்து ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. காலையில் பனிமூட்டம் போல ஒன்று கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குள் நடந்து போனால் பேருந்து நிலையம் வரும் என்று நம்ப முடியவில்லை, ஆனால் வருகிறது.

ரேணு


பூஞ்சேரி
11 செப்டம்பர் 2025

ரேணு,

ஆணையை ரூத் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. இன்னொரு குரலில் கேட்க வேண்டும் போல இருந்தது. அவள் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. 'குற்றம் இல்லை' என்று எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி படித்தாள்.

நீ கட்டணம் பற்றி எழுதவே இல்லை. மூன்று மாத வேலை. மற்றவர்களிடம் வாங்குவதை என்னிடமும் வாங்கு. வாங்காமல் விட்டால் நீ உன் மனசுக்காகச் செய்தாய் என்று ஆகிவிடும். எனக்காகச் செய்ததாக இருக்கட்டும். ரசீது எழுதிக் கொடு.

பந்தியைப் பற்றி ஒன்று கேட்க நினைப்பாய் என்று தெரியும், கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அது தீர்ந்ததா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நேற்று மத்தியானம் விரிப்புகளுக்கு நடுவே தூங்கிப் போனேன். ஒரு கனவும் வரவில்லை. எழுந்தபோது கடல் வெறும் கடலாக இருந்தது. அவ்வளவு நிம்மதியாக ரொம்ப நாளாகத் தூங்கவில்லை.

வரும் சனிக்கிழமை சந்திரம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். வீட்டுக்கு வர மாட்டோம். அலுவலகத்துக்குத்தான். எத்தனை பேர் காத்திருந்தாலும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் முறை வந்ததும் உன் ஆட்களை அனுப்பாதே. நீயே வெளியே வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

ஜெபா